இரவு இரண்டு மணிக்கு எழும்புகிற ஆள்: முதியோர் இல்லத்துக்கு யாரை எடுப்பது?

கடந்த மாதம் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் இருந்து ஒருவர் கூப்பிட்டார். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் அனுப்பிய காசில் 18 கட்டில் போட்ட முதியோர் இல்லம் ஒன்றைக் கட்டி முடித்திருக்கிறார்கள். மாபிள் பதித்த நிலம், கட்டிலுக்குக் கட்டில் மணி, கிணற்றடியில் புது மோட்டர், எல்லாம் இருக்கிறது. "ஆக்கள்தான் நிக்கினமில்லை. அஞ்சு மாசத்திலை ஏழு பேர் வந்து போட்டினம். ஆரைப் பிடிச்சால் நிப்பினம் எண்டு சொல்லுங்கோ" என்றார்.

வலிகாமத்தில் ஒரு இல்லத்துக்கு 11 வருஷம் செயலாளராக இருந்தவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். பதில் சொல்ல எனக்கு இருக்கும் தகுதி ஒன்றுதான். ஆள் எடுக்கிற நான்கு வழியிலும் எடுத்துப் பார்த்து, நான்கிலும் ஒரு தரமாவது மூக்குடைபட்டிருக்கிறேன்.

அந்த நான்கு வழிகள்: பக்கத்து ஒழுங்கைப் பெண்களை எடுத்து நாங்களே பழக்குவது, பராமரிப்புப் பயிற்சி முடித்த இளம்பிள்ளைகளை எடுப்பது, ஏஜென்சி மூலம் தங்கி வேலை செய்கிற ஆட்களை எடுப்பது, ஓய்வுபெற்ற தாதியரையும் ஆஸ்பத்திரிச் சிற்றூழியர்களையும் எடுப்பது.

## எதை வைத்து நிறுப்பது

நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இந்தப் பேச்சு எழுந்தால் முதல் கேள்வி "சம்பளம் எவ்வளவு கேக்கினம்?" என்பதுதான். நான் அதைக் கடைசிக்குத் தள்ளுவேன்.

இரவு. பகல் வேலைக்கு ஆள் கிடைக்கும். இரவு 2 மணிக்கு மணி அடித்தால் எழும்புகிற ஆள்தான் கிடைக்காது. ஒருவரை எடுக்கமுதல் நான் கேட்பது, மாதம் எத்தனை இரவு நிற்க முடியும், வீட்டில் அன்றைக்குப் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்பது. இதற்கு நேரான பதில் வராவிட்டால் மற்ற எதைக் கேட்டும் பிரயோசனமில்லை.

தலைக்கணக்கு. பெரும்பாலான இல்லங்கள் சறுக்குவது இங்கேதான். 24 மணித்தியாலமும் 365 நாளும் ஒரே ஒரு ஆள் நிற்கவேண்டும் என்றால் வருஷத்துக்கு 8,760 மணித்தியாலம். கிழமைக்கு 45 மணித்தியாலம் வேலை செய்கிற ஒருவரின் வருஷத்தில் இருந்து வருடாந்த லீவு 14, தற்செயல் லீவு 7, போயா (பௌர்ணமி விடுமுறை), மற்ற விடுமுறைகள் எல்லாவற்றையும் கழித்தால் சுமார் 2,000 மணித்தியாலம்தான் மிஞ்சும். ஆகவே ஒரு இடத்துக்கு நாலரைப் பேர்.

வடமராட்சிக்காரரின் 18 கட்டிலுக்குப் பகலில் மூவர், இரவில் இருவர் என்று வைப்போம். கிழமைக்கு 420 மணித்தியாலம். லீவையும் சேர்த்தால் 11 பேர் வேண்டும். அவரிடம் இருந்தது 6 பேர். அதாவது ஒவ்வொருவரும் கிழமைக்கு 70 மணித்தியாலம். "ஏன் போயினம்?" என்று அவர் கேட்டபோது நான் இந்தக் கணக்கைத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

நாரி, அதாவது இடுப்பு. படுத்த படுக்கையில் இருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் திருப்பவேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண். கதிரையில் இருந்து கொமோட்டுக்கு, கொமோட்டில் இருந்து கட்டிலுக்கு. பிழையாகத் தூக்குகிற ஆளுக்கு மூன்று மாதத்தில் நாரிப்பிடிப்பு வரும், நாலாம் மாதம் அவர் வரமாட்டார்.

வாய். கதைக்கத் தெரியவேண்டும். வயதானவர்களோடு கதைப்பது வேறு, வயதானவர்களுக்குக் கதைப்பது வேறு.

முழுச் செலவு. இலங்கையில் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்ந்தது. அதற்கு மேல் தொழில் தருநர் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் கட்டவேண்டும். 30,000 ரூபாச் சம்பளம் என்றால் உண்மைச் செலவு 34,500. மொத்தம் 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால், ஐந்து வருஷம் முடித்தவருக்கு வருஷத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடையும் உண்டு. பராமரிப்புக்கு 11 பேர், குசினிக்கு இருவர், கூட்டித் துடைக்க ஒருவர், வளவுக்கு ஒருவர், மேற்பார்வைக்கு ஒருவர் என்று எண்ணினால் 16 வந்துவிடும். மாதம் ஒரு தலைக்கு 1,250 ரூபாவை இப்போதிருந்தே ஒதுக்கவேண்டும். இந்தக் கணக்கில், மிகக் குறைந்த சம்பளத்தில் கூட, பராமரிப்பு ஆட்களுக்கு மட்டும் மாதம் 393,250 ரூபா. 18 ஆல் பிரித்தால் ஒரு முதியவருக்கு ஏறக்குறைய 22,000. சோறு, மருந்து, பம்பேர்ஸ், கரண்ட் இன்னும் சேரவில்லை. கட்டடம் கட்டக் காசு தந்தவர்களிடம் அடுத்த தரம் கேட்கவேண்டியது இதைத்தான்.

காலம். எத்தனை வருஷம் நிற்பார் என்பது ஆளின் குணத்தை விட அவருக்கு வெளியே எத்தனை கதவு திறந்திருக்கிறது என்பதில் தங்கியிருக்கிறது.

| | பக்கத்து ஒழுங்கைப் பெண்கள் | பயிற்சி முடித்த இளையோர் | ஏஜென்சியில் வந்து தங்குவோர் | ஓய்வுபெற்ற தாதியர், சிற்றூழியர் |
|---|---|---|---|---|
| இரவு | வீட்டு ஒழுங்கு சரியென்றால் நிற்பார்கள் | நிற்பார்கள் | நிற்பார்கள், ஆனால் பகலும் அவர்களே | பெரும்பாலும் இல்லை |
| படுக்கைப் பராமரிப்பு | பழக்க 3 மாதம் | முதல் நாளே தெரியும் | ஆளுக்கு ஆள் மாறும் | கண் கூர்மை, உடம்பு இடம் கொடாது |
| கதை | மிக நன்று | பழகவேண்டும் | ஆளுக்கு ஆள் மாறும் | அதட்டல் கலந்தது |
| நிற்கும் காலம் | பல வருஷம் | 1 முதல் 2 வருஷம் | மாதக்கணக்கு | உடல்நலம் உள்ளவரை |
| மறைந்த செலவு | பழக்கும் காலம், முற்பணம், திடீர் லீவு | திரும்பத் திரும்ப ஆள் தேடல் | கொமிஷன், தங்குமிடம், சாப்பாடு | மற்ற ஊழியரோடு உரசல் |

## பக்கத்து ஒழுங்கைப் பெண்கள்

என் முதல் தெரிவு இதுதான், ஒளிக்கவில்லை. 35 இல் இருந்து 50 வயது, நடந்தோ சைக்கிளிலோ பத்து நிமிஷத்தில் வரக்கூடிய தூரம், கடைசிப் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டது. அப்படிப்பட்ட ஒருவருக்கு வெளியே கதவு குறைவு. கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலைகள் தூரம், கடைகள் இளம்பிள்ளைகளைத்தான் கேட்கும், வெளிநாடு போகிற வயதும் சூழ்நிலையும் இல்லை. வடக்கில் தனியே குடும்பத்தைக் கொண்டுநடத்துகிற பெண்கள் பலர். அவர்களுக்கு வேண்டியது மாதம் தவறாமல் வருகிற சம்பளமும் பொழுதுபடமுதல் வீடு போகிற வழியும்.

கதை என்ற அளவுகோலில் இவர்களை வெல்ல ஆள் இல்லை. எங்களிடம் மறதிநோய் வந்த ஒரு ஐயா இருந்தார், பழைய கணக்கு மாஸ்ரர். இரவு இரண்டு மணிக்கு வேட்டியைக் கட்டி, மேசையில் இருந்த ஏதோ கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேற்றடிக்கு வந்துவிடுவார், பள்ளிக்கூடம் போக. ஒரு நாள் புதிதாக வந்த பிள்ளை கையைப் பிடித்து இழுக்கப் போய் அடி வாங்கியது. அடுத்த இரவு டியூட்டியில் ஒழுங்கை முகப்பு வீட்டு அக்கா. ஓடவில்லை, பிடிக்கவும் இல்லை. ரோச்சை நிலத்துக்கு அடித்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றார். "மாஸ்ரர், நாளைக்குப் போயா எல்லோ. பள்ளிக்கூடம் இல்லை." ஐயா கொஞ்சம் யோசித்தார். "ஓ... ஒருத்தரும் சொல்லேல்லை" என்று திரும்பி நடந்து போய்ப் படுத்துவிட்டார். அதன்பிறகு எங்கள் இல்லத்தில் எல்லா இரவும் போயாதான். இதை எந்தப் பாடநெறியிலும் படிப்பித்ததாக எனக்குத் தெரியாது.

இனி மறைந்த செலவுகள். முதல் மூன்று மாதமும் இவர்கள் அரை ஆள்தான். மடித்த படுக்கைவிரிப்பை முதுகுக்குக் கீழே போட்டு இருவராக இழுத்துத் திருப்புவது, சாப்பாடு கொடுக்கும்போது நிமிர்த்தி இருத்தி அதன்பின் அரை மணித்தியாலம் படுக்கவிடாமல் வைத்திருப்பது, சீனி இறங்கினால் வேர்வையையும் நடுக்கத்தையும் கண்டு இனிப்புத் தண்ணி கொடுப்பது, வாய் கோணினால் ஐயோ என்று கத்தாமல் 1990 அம்புலன்சைக் கூப்பிடுவது, எல்லாவற்றையும் ஒருவர் பக்கத்தில் நின்று காட்டவேண்டும். இந்தக் காலத்தில் அட்டவணையில் இவர்களை முழு ஆளாக எண்ணினால் பழைய ஊழியருக்கு இரட்டைப் பாரம் விழும், அவர்கள் முதலில் போவார்கள்.

அடுத்தது கடன். ஒரு அக்கா எல்லாப் புதன்கிழமையும் பத்து மணிக்கு ஒரு மணித்தியாலம் காணாமல் போவார். ஏசினோம். பிறகுதான் தெரிந்தது, நுண்கடன்காரர் கிழமைக் கட்டுப்பணம் வாங்க வருகிற நேரம் அது. வட்டியில்லாத சம்பள முற்பணம் ஒன்றை எழுத்தில் வைத்து, ஆறு மாதத்தில் கழிக்கிறமாதிரிக் கொடுத்தோம். புதன்கிழமை சரிவந்தது. அவர் ஒன்பதாம் வருஷத்தில் இன்னும் நிற்கிறார். ஆள் தேடி விளம்பரம் போட்ட காசை விட அது குறைவு.

லீவும் அப்படித்தான், கூட்டமாக வரும். நல்லூர்க் கொடியேறினால் 25 நாளும் ஏதாவது ஒரு கேள்வி. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் நாள், மார்கழி மழைக்கு வீட்டுக்குள் தண்ணி வந்த நாள், எல்லாம் ஒரே நேரத்தில் எல்லாருக்கும். எல்லாரும் ஒரே ஒழுங்கை என்பதன் விலை இது. செத்தவீடு என்றால் பாதி இல்லமே போகவேண்டும். ஊழியரில் சைவரும் கிறிஸ்தவரும் கலந்து இருந்தால் பொங்கலுக்கு அவர்கள், நத்தாருக்கு இவர்கள் என்று தாங்களே மாறிக்கொள்வார்கள். எங்களுக்கு இது தற்செயலாக அமைந்தது. இப்போது வேண்டுமென்றே பார்க்கிறேன்.

ஒரு ரூபாச் செலவில்லாமல் நாங்கள் செய்த பெரிய காரியம் ஒன்று உண்டு. ஷிஃப்ட் மாறுகிற நேரம் முன்பு இரவு 8 மணி. போகிறவரும் இருட்டில், வருகிறவரும் இருட்டில். ஒழுங்கை முடக்கில் பெடியள் நிற்பார்கள், லைற் இல்லை. அதை மாலை 5.30 க்கு மாற்றினோம். "இரவு வரேலாது" என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த இருவர் அந்த மாதமே இரவுக்கு வந்தார்கள். அவர்களுக்கு இரவு வேலை பிரச்சினையாகவே இருக்கவில்லை, இரவு வழிதான் பிரச்சினை.

எப்போது இதுவே சரி: இல்லம் ஊர்மனைக்குள் இருந்தால், பழக்கிக் கொடுக்க ஒருவர் இருந்தால், முதல் மூன்று மாதச் சம்பளத்தைப் பொறுக்கக் காசு இருந்தால். வயல்வெளிக்கு நடுவிலோ கடற்கரையோரமாகத் தனியாகவோ கட்டிய இல்லத்துக்கு இந்த வழி இல்லை.

## பயிற்சி முடித்த இளையோர்

என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) மூன்றாம் மட்டப் பராமரிப்பாளர் சான்றிதழோடு வருகிற பிள்ளைகள். முதல் நாளே கையுறை போடத் தெரியும், குளுக்கோமீற்றர் பிடிக்கத் தெரியும், எழுதத் தெரியும். எங்கள் இல்லத்துக்கு அப்படி வந்த ஒரு பிள்ளை இரண்டாம் நாள் ஒரு அம்மாவின் குதிக்காலைப் பார்த்தது. சிவந்திருந்தது. விரலால் அமத்தி எடுத்தது, வெள்ளையாக மாறவில்லை. "அங்கிள், இது புண் தொடங்குது" என்றது. ஒன்பது வருஷ அக்காமார் எல்லாரும் அந்தக் காலைத் தினமும் கழுவினவர்கள்தான். ஒருத்தருக்கும் தெரியவில்லை. தலையணையைக் கெண்டைக்காலுக்குக் கீழே வைத்துக் குதிக்காலை அந்தரத்தில் விட்டதோடு நாலு நாளில் சிவப்பு மாறியது. இந்தக் கண்ணுக்குத்தான் பயிற்சி என்று பெயர்.

அந்தப் பிள்ளை பதினான்காம் மாதம் போய்விட்டது. கோபிக்க ஒன்றுமில்லை. இந்தப் பயிற்சியை எடுக்கிற பிள்ளைகளில் அநேகர் வெளிநாட்டுக்காகத்தான் எடுக்கிறார்கள். இங்கிலாந்து 2022 பெப்ரவரியில் பராமரிப்பு ஊழியருக்கு விசாக் கதவைத் திறந்தது. குடாநாட்டில் வீட்டை ஈடுவைத்துப் போனவர்களும் உண்டு. 2024 மார்ச்சில் குடும்பத்தைக் கூட்டிப்போவதை நிறுத்தினார்கள், 2025 ஜூலை 22 உடன் வெளிநாட்டில் இருந்து புதிதாகப் பராமரிப்பு ஊழியரை எடுப்பதையே மூடிவிட்டார்கள். அதனால் இனி இங்கேயே நிற்பார்கள் என்று நினைத்தால் பிழை. ஜப்பான் இருக்கிறது, 2019 இல் இலங்கையோடு செய்த உடன்படிக்கைப்படி முதியோர் பராமரிப்பு அவர்கள் ஆள் எடுக்கிற துறைகளில் ஒன்று. இஸ்ரேல் இருக்கிறது, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் மூலமே போகிறார்கள். 30,000 ரூபாவைக் கொண்டு அந்தச் சம்பளங்களோடு போட்டி போட முடியாது, போடவும் தேவையில்லை.

நான் பார்த்த மோசமான யோசனை, சான்றிதழ் மூலப்பிரதியை வாங்கி இல்லத்து அலுமாரியில் பூட்டிவைப்பது. "இரண்டு வருஷம் கழிச்சுத் தாறம்." பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் போகும், பிறகு தாய் வந்து கேற்றில் நின்று சத்தம் போடுவா, அடுத்த வருஷம் அந்தப் பயிற்சி நிலையத்தில் இருந்து ஒருவரும் வரமாட்டார்கள். இதற்கு மாறாக முதல் நாளே வெளிப்படையாகப் பேசுங்கள்: "நீ போவாய் எண்டு தெரியும். பதினெட்டு மாசம் நில். நல்ல அனுபவக் கடிதம் தருவம், நேர்முகத்துக்கு லீவு தருவம், போக இரண்டு மாசம் முதல் சொல்லு." அனுபவக் கடிதம் அவர்களுக்குச் சம்பளத்தை விடப் பெறுமதி. இப்படிப் பேசிய பிறகு எங்களிடம் சொல்லாமல் போனவர் ஒருவர்தான்.

மறைந்த செலவு, வருஷத்துக்கு ஒருதரம் திரும்ப ஆள் தேடுவது. அதைவிட, ஒவ்வொரு முறையும் ஒரு அம்மாவோ ஐயாவோ "அந்தப் பிள்ளை எங்கை?" என்று கேட்டுக்கொண்டு இரண்டு கிழமை சரியாகச் சாப்பிடாமல் இருப்பது. அதைக் கணக்குப் புத்தகத்தில் எழுத இடமில்லை.

எப்போது இதுவே சரி: படுக்கையில் இருப்பவர், மூக்குக் குழாயில் சாப்பிடுபவர், பக்கவாதம் வந்தவர் கூடுதலாக உள்ள இல்லத்துக்கு. ஒரு ஷிஃப்டுக்கு ஒருவர் போதும். முழு இல்லத்தையும் இவர்களைக் கொண்டு நிரப்பினால் ஒரே மாதத்தில் மூவர் போகிற நாள் வரும்.

## ஏஜென்சியில் வந்து தங்குவோர்

அவசரத்துக்கு உதவும். கூப்பிட்டால் நாலு நாளில் ஆள் வரும், பெரும்பாலும் வன்னியில் இருந்தோ மலையகத்தில் இருந்தோ. பதிவுக்காசு, மாதக் கொமிஷன், ஆள் பிடிக்காவிட்டால் மாற்றித் தருவோம் என்ற வாக்கு. இது வீடுகளுக்குச் சரி. வெளிநாட்டில் பிள்ளைகள், இங்கே தனியே தாய். ஒரு ஆள் தங்கிப் பார்ப்பா. அந்தச் சம்பளம் இல்லங்கள் கொடுப்பதை விடக் கூட என்பதையும் மறக்கவேண்டாம். ஒரு அம்மாவைப் பார்க்கக் கிடைப்பது, எங்களிடம் ஒன்பது அம்மாவைப் பார்த்தாலும் கிடைக்காது.

எங்களுக்கு ஒருமுறை முல்லைத்தீவுப் பக்கத்தில் இருந்து ஒரு அக்கா வந்தார். ஒரு பயணப்பை, ஒரு சாமிப்படம். ஏஜென்சிக்காரர் அவருக்குச் சொன்னது, "ஒரு ஐயாவைப் பாக்கவேணும், நடப்பார்." வந்து பார்த்தால் விறாந்தை முழுக்கக் கட்டில். மூன்று நாள் ஒன்றும் பேசாமல் வேலை செய்தார். நாலாம் நாள் விடிய அதே பையோடு கேற்றடியில் நின்றார். "நான் பொய் சொல்லி வரேல்லை ஐயா. எனக்குத்தான் பொய் சொன்னவை." பஸ் காசு கொடுத்து அனுப்பினோம். பதிவுக்காசைத் திருப்பித் தரவே இல்லை.

தங்கி வேலை செய்கிற ஆள் என்றால் 24 மணித்தியாலமும் கைக்கெட்டிய ஆள் என்ற எண்ணம் குழுவில் உள்ள எல்லாருக்கும் வரும், எனக்கும் வந்தது. பகல் வேலை செய்து இரவு மணிக்கும் அவரே எழும்பினால் இரண்டாம் மாதம் மருந்தை ஆள் மாறிக் கொடுப்பார். பூட்டக்கூடிய அறை, தனிக் கக்கூஸ், மாதம் நாலு நாள் வீட்டுக்குப் போக விடுமுறையும் பஸ் காசும், டியூட்டி இல்லாத நேரம் மணிக்கு எழும்பத் தேவையில்லை என்ற எழுத்து. இவை இல்லாமல் தங்க ஆள் எடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. தமிழ் வீடுகளில் மலையகப் பிள்ளைகளை வேலைக்கு எப்படி வைத்திருந்தோம் என்ற பழைய கதை எங்கள் எல்லாருக்கும் தெரியும். அது இல்லத்தின் பின்வாசலால் திரும்பி வரக்கூடாது.

இன்னொன்று: சேமலாப நிதியை யார் கட்டுவது, ஏஜென்சியா இல்லமா என்று ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் கையெழுத்து வைக்காதீர்கள். பிந்திக் கட்டினால் தண்டம் 50 சதவீதம் வரை ஏறும்.

எப்போது இதுவே சரி: இருவர் ஒரே நேரத்தில் வேலையை விட்டு நின்ற மாதம், ஒருவரின் 84 நாள் பிரசவ லீவு, ஊர்மனைக்கு எட்டாத இல்லம். வேலை என்னவென்று ஏஜென்சியிடம் சொன்னால் போதாது. வரப்போகிற ஆளோடு நேரே தொலைபேசியில் பேசி எத்தனை கட்டில், எத்தனை பேர் படுக்கை என்று சொல்லுங்கள்.

## ஓய்வுபெற்ற தாதியரும் சிற்றூழியரும்

போதனா வைத்தியசாலையிலும் ஆதார வைத்தியசாலைகளிலும் முப்பது வருஷம் வேலை செய்து பென்ஷனில் இருப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. காசுக்காக அல்ல, வீட்டில் சும்மா இருக்கேலாமல் வருவார்கள். இரவுக்கு வரமாட்டார்கள், தூக்கமாட்டார்கள், அதைக் கேட்கவும் கூடாது. இவர்களை ஆள் கணக்கில் எண்ணினால் ஏமாற்றம். கிழமைக்கு மூன்று காலை வந்து மற்றவர்களைப் பழக்குகிற ஆளாக எண்ணினால் இதைவிட மலிவான காசு இல்லை.

எங்களிடம் வந்த தாதி மிஸ் ஒரு சி.ஆர். கொப்பியை (தடித்த மட்டைக் கொப்பி) கொண்டுவந்து போட்டா. ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு வரி: சாப்பிட்டதா, மலம் போனதா, எந்தப் பக்கம் படுத்திருந்தது, புதிதாக என்ன. அந்தக் கொப்பி வந்த பிறகு டொக்டர் வருகிற நாள் அரை மணித்தியாலம் குறைந்தது. கதீற்றர் மாற்றுவது தாதியின் வேலை, நீங்கள் பையை மட்டும் வெறுமையாக்குங்கோ என்று கோடு கிழித்ததும் அவதான்.

ஆனால் வார்டுப் பழக்கம் நாக்கில் இருக்கும். ஐம்பது வயது அக்காமாரை "நீ", "வாடி" என்று கூப்பிட்டா. இருவர் அந்த மாதமே நின்றுவிட்டார்கள். ஒருவரிடம் ஏன் என்று வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "சம்பளம் காணும் தம்பி. ஆனா அந்த ஐயாமாருக்கு முன்னாலை என்னை நீ எண்டு கூப்பிட்டா, பிறகு அவை என்ரை சொல்லைக் கேப்பினமே?" நியாயம். மிஸ்ஸோடு கதைத்தேன், முகம் கறுத்தா, பிறகு மாற்றிக்கொண்டா. போன இருவரில் ஒருவர் திரும்பி வந்தார்.

எப்போது இதுவே சரி: எப்போதும், ஒருவர் மட்டும்.

## எதை எடுத்தாலும் தப்பமுடியாத இரண்டு

யாழ்ப்பாணத்தில் இதை எழுதாமல் விட்டால் கட்டுரை பொய். புது ஆள் வந்து மூன்றாம் நாள் ஒரு கட்டிலில் இருந்து கேள்வி வரும்: "பிள்ளை எந்தப் பக்கம்? ஆற்றை ஆக்கள்?" கேட்பது சாதியை. சில நேரம் அவர் தொட்ட தேத்தண்ணி அப்படியே ஆறும். நல்ல ஊழியர் பலர் போனதற்குக் காரணம் சம்பளம் என்று குழுவுக்குச் சொல்வார்கள், உண்மைக் காரணம் இந்தத் தேத்தண்ணி. நாங்கள் இதை அனுமதிப் படிவத்தில் போட்டுவிட்டோம்: யார் சமைக்கிறார், யார் குளிப்பாட்டுகிறார் என்று தெரிவுசெய்ய இங்கே இடமில்லை. கொண்டுவந்து விடுகிற பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து. இரண்டு குடும்பம் திரும்பிப் போனது. போகட்டும்.

மற்றது வெளிநாட்டு அன்பளிப்பு. மகன் கனடாவில் இருந்து வந்து ஒரு அக்காவின் கைக்குள் ஐயாயிரத்தைப் பொத்திவிட்டுப் போவார், "அம்மாவை வடிவாப் பாருங்கோ." அடுத்த நாளில் இருந்து அந்த அம்மாவின் மணிக்கு இரண்டு பேர் ஓடுவார்கள், பக்கத்துக் கட்டில் மணி அடித்துக்கொண்டே இருக்கும். பகல் ஆளுக்குக் கிடைக்கும், இரவு ஆளுக்குக் கிடைக்காது, ஏனென்றால் விருந்தினர் இரவில் வருவதில்லை. ஒரு பெட்டி வைத்தோம். மாதக் கடைசியில் எல்லார் முன்னாலும் எண்ணி, செய்த இரவுகளின் எண்ணிக்கைப்படி பிரிப்பது. இரவு டியூட்டிக்குப் போட்டி வந்தது, நம்பமாட்டீர்கள்.

## அப்படியென்றால் எத்தனை பேர், யார் யார்

18 கட்டில் இல்லத்துக்கு வடமராட்சிக்காரரிடம் நான் சொன்னது: 11 பேரில் 8 பேர் நடக்கிற தூரத்துப் பெண்கள், மூவர் பயிற்சி முடித்த இளையோர், மேலே கிழமைக்கு மூன்று காலை ஒரு ஓய்வுபெற்ற தாதி. ஏஜென்சியின் இலக்கம் தொலைபேசியில் இருக்கட்டும். ஒவ்வொரு இரவும் ஒரு அக்காவும் ஒரு இளம்பிள்ளையும் சேர்ந்து நிற்கவேண்டும். ஐயாவைத் திருப்பிக் கூட்டிவர ஒருவர், குதிக்காலைப் பார்க்க ஒருவர். டியூட்டி அட்டவணை முந்தின மாதம் 20 ஆம் திகதிக்குள் குசினிக் கதவில் ஒட்டப்படவேண்டும், ஒட்டிய பிறகு மேற்பார்வையாளர் மாற்றக்கூடாது, அவர்கள் தங்களுக்குள் மாறலாம். மூன்று வருஷம் நின்ற அக்காமாரைப் பாடநெறிக்கு அனுப்பாமலே, செய்த வேலையைப் பரீட்சித்துத் தகைமை வழங்கும் முறையில் என்.வி.கியூ. எடுக்கவைக்கலாம்; தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும் நைற்றாவிலும் (தொழிற்பயிலுனர் பயிற்சிக்கான அரச அதிகாரசபை) விசாரித்தால் வழி சொல்வார்கள். எடுத்ததும் சம்பளத்தைக் கூட்டுங்கள். "படிச்சால் போயிடுவா" என்று பயப்படுகிறவர்களுக்கு: 47 வயதில் அவ எங்கும் போகமாட்டா, சான்றிதழைக் கண்ணாடி போட்டு வீட்டுச் சுவரில் மாட்டுவா.

தீவகத்திலோ வீடுகள் ஐதான இடத்திலோ இருக்கிற இல்லம் என்றால் கணக்கு மாறும். அங்கே தங்குகிற நாலைந்து பேர் இல்லாமல் ஓடாது; அறைகளை முதலில் கட்டுங்கள், பிறகு கட்டில்களை வாங்குங்கள்.

ஆறு கட்டிலுக்கு உட்பட்ட சின்ன இல்லம் என்றாலும் இரவுக்கு ஒருவர் நின்றேயாகவேண்டும், அந்த ஒரு இடத்துக்கு அதே நாலரைப் பேர்தான். அதைத் தாங்க வரும்படி இல்லையென்றால் தனியே தொடங்காதீர்கள். பக்கத்து ஊரில் ஆள் இல்லாமல் பாதிக் கட்டில் வெறுமையாகக் கிடக்கிற இல்லம் ஒன்று கட்டாயம் இருக்கும், முதலில் அவர்களோடு போய்க் கதையுங்கள்.